அருவி விளிம்பில் இரண்டு கழற்றி மாட்டும் குடில்கள்

ஹா ராசெபோ,
லெசோத்தோ மலைநாடு,
ஜூன் 19.

மாலெராட்டோ அக்காவுக்குத் தம்பி மொலெஃபி தொப்பியைக் கழற்றி வணங்கி எழுதுவது. மசேரு குளிர் உன் முழங்காலையும் அத்தானின் இருமலையும் இந்த வருடமாவது விட்டுவைத்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் மாலிநெயோவும் இரண்டு கழுதைகளும் நலம். மூன்றாவது கழுதையைப் பற்றிக் கீழே வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். அருவி விளிம்பில் இருக்கும் உன் நிலத்தில் நான் நிறுத்தியிருக்கும் இரண்டு குடில்களும் அங்கேயே இருக்கலாமா, கழற்றிக்கொண்டு கிளம்ப வேண்டுமா என்று வருகிற சனிக்கிழமை ஊர்த் தலைவர் முன்னால் சொல்ல வேண்டியவள் நீதான். "உங்க அக்கா சரின்னா எனக்கும் சரி. வேண்டாம்னா அங்க உருளைக்கிழங்கு போட்டுடுவோம்" என்று தலைவர் முடித்துவிட்டார். ஊரில் சிலர் உனக்குப் போன் போட்டு என்னென்னவோ ஓதியிருப்பதாகக் கேள்வி. அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதுகிறேன். படித்து முடிக்கும்போது உனக்கே பெருமையாக இருக்கும்.

எல்லைக்கு அப்பால் தங்கச் சுரங்கத்தில் இருபத்தாறு வருடம் கூரை சரியாமல் மரத்தால் முட்டுக்கொடுத்தவன் நான். படித்த பொறியாளர்கள் மலையைப் பார்த்து வீடு வரைவார்கள், நான் கழுதையைப் பார்த்து வரைந்தேன். அருவிக்கு வண்டிப்பாதை ஏது? ஒரு கழுதை சுமக்கிற அளவுக்கு ஒரு பலகை, இருபத்திரண்டு பலகை சேர்ந்தால் ஒரு குடில், பூட்டுவதற்கும் கழற்றுவதற்கும் ஒரே ஒரு ஸ்பேனர். ஒரு பிடி சிமெண்ட் கிடையாது, பாறைமேல் ஆறு இரும்புக் கால், விளக்குக்கு வெயில் மின்சாரம், நாளைக்கே எடுத்துவிட்டால் அங்கே குடில் இருந்தது புல்லுக்குக்கூடத் தெரியாது. இதில் ஒரே ஒரு சின்னக் குறை, சுரங்கத்துக்குள் காற்று அடிப்பதில்லை என்பதால் காற்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. மேட்டில் ஏறிக்கொண்டிருந்த மூன்றாவது கழுதையைக் காற்று பலகையோடு ஒரு சுற்று சுற்றிவிட்டது, அதுவும் திரும்பிய முகத்தோடு நடந்துகொண்டே இருந்து பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்ந்தது. நான்கு நாளில் கழுதை கிடைத்தது. பலகை மட்டும் அங்கே யாரோ ஒருவர் வீட்டுக்குக் கதவாகிவிட்டது, இழைக்கக்கூட வேண்டாமல் அப்படியே பொருந்தியதாம். என் அளவு எவ்வளவு சுத்தம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சுரங்கத்தில் ஜன்னலும் கிடையாது. அதனால் முதல் குடிலில் நான் ஜன்னலை மறந்தது இயற்கைதான். மாலிநெயோ உள்ளே போய் இருட்டில் ஒரு சுற்று தடவிவிட்டு வந்தாள். "ஏங்க, அருவியப் பாக்க அவ்வளவு தூரத்துலேருந்து வர்றவங்கள உள்ள வச்சு அடைச்சு, சத்தத்த மட்டும் கேட்டுட்டுப் போங்கன்னு சொல்லப் போறீங்களா?" என்றாள். அரை மணி நேரத்தில் ஒரு பலகையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியை மாட்டினேன். கட்டி முடித்த வீட்டில் அரை மணியில் ஜன்னல் திறக்க மசேருவில் எந்தக் கொத்தனாரால் முடியும், சொல் பார்ப்போம்.

குளிருக்குச் சுவர்ப் பலகைகளின் நடுவே நம் ஆட்டு ரோமத்தையே அடைத்தேன், அதையும் கழுவாமல், ஓடைத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்பது என் கொள்கை. திங்கட்கிழமை முதல் விருந்தாளிகள் வந்தார்கள், டர்பனிலிருந்து ஜுங்கு தம்பதி, ஓய்வு பெற்ற வாத்தியார்கள், தங்கமான மனிதர்கள். செவ்வாய் காலை வெயில் ஏறியதும் சுவர் சூடாகி ஆட்டு வாசனையைக் கக்க, மலையில் மேய்ந்த அறுபது ஆடுகளும் இறங்கி வந்து குடிலைச் சூழ்ந்துகொண்டன. குட்டிகள் சுவரைப் பார்த்துக் கத்தின, கிடா ஒன்று கதவை முட்டியது. ஜுங்கு அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே, இதுங்க எதுக்கு இங்க கூடியிருக்கு?" என்றார். "உங்கள வரவேற்கத்தாம்மா" என்றேன். உள்ளேயிருந்து அவர் கணவர் குரல் வந்தது. "வரவேற்றது போதும், கொஞ்சம் வழிவிடச் சொல்லுங்க. நான் அவசரமா வெளிய போகணும்!"

போனார், ஓடையில் வழுக்கி விழுந்து ஈரமாகத் திரும்பினார், வெள்ளைச் சட்டையை அலசி வாசல் கம்பத்தில் உலர்த்தினார். உனக்கே தெரியும், நம் பக்கம் வாசலில் வெள்ளைத் துணி பறந்தால் உள்ளே சோள பீர் தயார் என்று கால் தானாக நடக்கும். போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒன்பது பேர் வந்து, வாசலில் மரியாதையாகக் குரல் கொடுத்துவிட்டு, உள்ளே போய் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஊர் வழக்கம்போல் நலம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஜுங்கு அம்மா எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்ன தாயி, சுடுது, இன்னும் புளிக்கவே இல்லியே?" "இஞ்சி தட்டிப் போட்டிருக்கேங்க" என்றார் அந்த அம்மா. "பரவால்ல, காத்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். நான்கு பேருக்கென்று கட்டிய குடிலில் பதினோரு பேர், அக்கா. குடிலின் இரும்புக் கால் ஒன்று வளைந்து ஒரு சாண் இறங்கியது உண்மைதான், மறுக்கவில்லை, ஆனால் கூரை அசையவில்லை.

இதற்கு மேல் என்ன பரீட்சை வேண்டும்? சுரங்கம் என்னை வீட்டுக்கு அனுப்பி எட்டு வருடமாகிறது. மொலெஃபி என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால் இத்தனை நாளும் மாலிநெயோ பேச்சை மாற்றுவாள். இப்போது மாற்றுவதில்லை, ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடக்கிறாள். அது எனக்கு எவ்வளவு பெரிது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன். சனிக்கிழமை நீ சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த கோடைக்குள் ஆறு குடில்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உன் வீட்டில் அமைதி நிலைக்கட்டும், உன் வயல்களில் எல்லாம் நல்ல மழை பெய்யட்டும். அருவி விளிம்பு வயலில் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பெய்யட்டும், இரண்டாவது குடிலில் ஒரு மூலை ஒழுகுகிறது.

உன் தம்பி,
மொலெஃபி

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் ஜுங்கு தம்பதி பெட்டியோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். காலையிலிருந்து இங்கே பனி கொட்டுகிறது. "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க, உங்க குடில் பாக்க ரொம்ப அழகு. ஆனா மிச்ச நாளு நாங்க இங்கயே இருந்துக்கறோமே" என்றார் அந்த அம்மா. கல் சுவரும் புல் கூரையும் சாணி மெழுகிய தரையும் அவர்களுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. மாலிநெயோ களி கிண்டிப் போட்டு, எங்கள் கட்டிலையும் கொடுத்துவிட்டாள். அவர்கள் இங்கிருந்தே தங்கள் சிநேகிதர்களுக்குப் போன் போட்டுச் சொல்ல, அடுத்த மாதம் குடிலுக்கு வருவதாக இருந்த நான்கு பேரும் இந்த வீடுதான் வேண்டும் என்கிறார்களாம், ஆகஸ்ட் முடிய இங்கே இடமில்லை. எங்கள் துணிமணியைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு நானும் அவளும் குடிலுக்குப் புறப்படுகிறோம். சனிக்கிழமை மறக்காமல் சரி என்று சொல்லிவிடு, அக்கா. எங்களுக்கு வேறு வீடு கிடையாது.