மச்சானுக்கு நோய், தம்பிக்கு இல்லை

புதூர்நாடு,
வெள்ளிக்கிழமை.

என்றைக்கும் மாறாத பாசத்துக்கும் எப்போதாவது வாங்கி வரும் பக்கோடாவுக்கும் உரிய செங்கம் ஜீவானந்தம் மாமாவுக்கு, அக்கா மகன் கலையரசன் கும்பிட்டு எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், குதிரை நால்வரும் நலம். நால்வரில் ஒருவர் நலத்தில் மட்டும் லேபுக்குச் சந்தேகம். டவர் இல்லாததால் இதைக் காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். அத்தை பக்கத்தில் இல்லாதபோது படிக்கவும்.

கல்யாண ஊர்வலம் இல்லாத மாதத்தில் மேயட்டும் என்று குதிரையை அனுப்பினீர்களே, பெயரைச் சொல்லி அனுப்பினீர்களா? நீங்கள் அனுப்பியது என்பதால் அம்மா அதைத் தம்பி என்கிறாள், அப்பா மச்சான் என்கிறார், நான் மரியாதை தெரிந்தவன், மாமா என்கிறேன். ஜமுனாமரத்தூர் கோடை விழாவில் சவாரி விடும் குதிரைகளுக்குத் தொற்றுநோய் இருக்கிறதா என்று ஊர் ஊராக ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் கொடுக்கிற குதிரைக்கு ஒரு பை தாது உப்பு இலவசம். இலவசம் என்றால் நம்ம வூடு எப்படி என்று உங்களுக்கே தெரியும். அப்பா சந்தைக்கு ஓட்டிப்போய் ஒரு பை வாங்கினார், அவருக்குத் தெரியாமல் அம்மா பக்கத்து ஊரில் ஒரு பை வாங்கினாள், இருவருக்கும் தெரியாமல் நான் பள்ளிக்கூட மைதானத்தில் ஒன்று. மூன்று பெயர், மூன்று குப்பி ரத்தம், ஒரே குதிரை.

முடிவு வந்தது. தம்பிக்கு நோய் இல்லை. மாமாவுக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மச்சானுக்குக் கிளாண்டர்ஸ் என்கிற அந்தத் தொற்றுநோய் இருக்கிறது. அது மனிதருக்கும் ஒட்டுமாம். உறுதியானால் குதிரைக்கு வைத்தியம் கிடையாது, ஊசி போட்டு முடித்துவிடுவார்களாம். அம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு வேளை சோறு ஆக்கவில்லை, நாங்களும் தாது உப்பைத்தான் தின்ன வேண்டும்போல் இருந்தது. நேற்று கால்நடை டாக்டர் தேவயானி வந்தார்.

"மொதல் டெஸ்டுல நல்ல குதிரைக்கும் சில நேரம் நோய்னு காட்டும், பெரிய லேபுக்கு அனுப்பியிருக்கோம். அதுவரைக்கும் மச்சானைத் தனியா கட்டணும். எங்க?"

அப்பா நோய் இல்லாத காகிதத்தை நீட்டி, "இது தம்பிங்க மேடம்" என்றார்.

"அப்போ மச்சான்?"

"செங்கத்துல இருக்காருங்க."

"மாமா?"

"அவரும் அங்கதாங்க" என்றேன், உதவியாக.

அந்த நேரம் பார்த்துத் தம்பி தும்மியது. அடுப்பில் மிளகாய் வறுபட்டுக்கொண்டிருந்தது என்று சொல்வதற்குள், அந்தத் தும்மலை மறைக்க அப்பா இரண்டு மடங்கு தும்மினார். டாக்டர் எட்டிப்போய் நின்று, உங்கள் விலாசத்தை எழுதிக்கொண்டார். ஆகவே மாமா, நாளைக்கு உங்களைத் தேடி ஆள் வரும். மச்சான் இன்னா ஆனாருன்னு கேட்டால் ஓடிப்போய்ட்டாருன்னு வீட்டில் சொல்லச் சொல்லிவிட்டு, நிஜமாகவே ஓடிவிடவும். உண்மையைச் சொன்னால் நம்ம குதிரை உயிரோடு இருக்காது. மலைப்பக்கம் மட்டும் வராதீங்க.

அத்தைக்கும் சுவேதாவுக்கும் என் அன்பு. குதிரையும் தலையாட்டி விசாரித்தது.

இப்படிக்கு,
பள்ளிக்கூடத்தில் யாரும் பக்கத்தில் உட்காராத
கலையரசன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் டாக்டர் திரும்ப வந்துவிட்டார். பெரிய லேபில் மூன்று குப்பியையும் பார்த்தார்களாம், ஒன்றிலும் நோய் இல்லை. அம்மா குதிரைக்கு ஒரு முழுப் பலாப்பழம் வைத்தாள். எனவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு உடனே மலைக்கு வரவும். நோயில்லாத மூன்று குதிரைகளையும் ஞாயிற்றுக்கிழமை விழாவில் நிறுத்துவதாக அப்பாவிடம் கையெழுத்து வாங்கிப் போய்விட்டார். வரும்போது இரண்டு குதிரை ஓட்டி வரவும். ஒன்றுதான் கிடைத்தது என்றாலும் கவலை இல்லை, கூட நீங்கள் வர்றீங்களே.