முப்பத்தைந்தாவது உத்தி

டகெட் ஏரியில் பாஸ் மீன் ஏன் சரியாக அகப்படுவதில்லை என்பதை ஆராய, ஏரி நிர்வாக அலுவலகம் ஏழு பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தது. படகு விற்பவர் ஒருவர், தூண்டில் கம்பு விற்பவர் ஒருவர், நாஷ்வில்லிலிருந்து ஒரு பல் வைத்தியர், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர் என்று எல்லாத் தரப்பும் அதில் இருந்தது. மீன் தரப்பில் யாரும் இல்லை. எட்டு மாதம் கூடிப் பேசியபின் குழு உண்மையைக் கண்டுபிடித்தது. குற்றம் மீனுடையது அல்ல. ஏரியுடையதும் அல்ல. மீன் பிடிப்பவர்கள் தவறான வானிலையில் தவறான கம்பைப் பிடித்திருந்தார்கள்.

ஆகவே சகலருக்கும் அறிவிக்கப்பட்டது யாதெனில்: இனி இந்த ஏரியில் தூண்டில் போடும் ஒவ்வொருவரும் தம் கம்பின் நீளம், அது வளையும் வேகம், ரீலின் சுற்று விகிதம், தூண்டில் நரம்பின் தடிமன், பொய் இரையின் நிறம், கையாளும் உத்தி ஆகியவற்றைப் படிவத்தில் எழுதி முத்திரை பெற வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட உத்திகள் முப்பத்து நான்கு. மே மாதம் முடிவதற்குள் உத்தி அறிவிக்காதவரின் மீன்பிடி அனுமதி அட்டை ரத்தாகும். அவர் உட்காரும் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்.

ஹாய்ட் ஸ்ட்ரிப்ளிங்குக்கு இந்தக் கடைசி வரிதான் நெஞ்சில் இடித்தது. மர அறுப்பு ஆலையில் நாற்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு ஓய்ந்த மனுஷர். அணைக்குப் பக்கத்தில், பெரிய சிக்கமோர் மரத்தின் அடியில் ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. அவருடைய உட்காருமிடத்தின் அச்சு அந்தப் பாறையில் பதிந்திருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். பாறைக்குக் காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று விசாரித்தார். பல் வைத்தியருடையது.

மறுநாள் காலையில் ஹாய்ட் அலுவலகத்துக்குப் போனார். மேற்பார்வையாளர் ராய்ஸ் லான்ஹம் மேஜைக்குப் பின்னால் இருந்தான். ஹாய்ட்டுக்கு அவனைப் பிடிக்காது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன், வேலையில் சேர்ந்த புதுசில், ராய்ஸ் ரோந்துப் படகைப் பாறைக்கு அருகில் பறக்கவிட்டான். அந்த அலையில் ஹாய்ட்டின் சாப்பாட்டுப் பெட்டி ஏரிக்குள் போனது. தூண்டிலில் மாட்டியிருந்த மீனோடு நரம்பும் அறுந்து போனது. ராய்ஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹாய்ட் அன்றிலிருந்து அதைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

"வாங்க மிஸ்டர் ஹாய்ட். உங்க உத்தி என்ன?" என்றான் ராய்ஸ், பேனாவை எடுத்தபடி.

"தூக்கிப் போடுவேன். உக்காருவேன்."

"போட்டு இழுப்பீங்களா? துள்ள விடுவீங்களா? அடியில உரசிக்கிட்டே கொண்டு வருவீங்களா?"

"எதுக்கு? அதுபாட்டுக்குக் கிடக்கட்டுமே."

"பட்டியல்ல அது இல்லையே. சரி, இரை?"

"மண்புழு."

"நிறம்?"

"மண்புழு நிறம்தான்."

ராய்ஸ் ஒரு அட்டவணையைத் திருப்பிக் காட்டினான். "இதுல ஒண்ணைச் சொல்லுங்க. தண்ணி தெளிவா இருந்தா பச்சைப் பூசணி. லேசா கலங்கினா தர்பூசணி. ரொம்பக் கலங்கினா கறுப்பு நீலம்."

"மீன் என்னப்பா, காய்கறிக் கடைக்கா வந்திருக்கு?"

"ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது, மிஸ்டர் ஹாய்ட்."

"மீன்கிட்ட கேட்டீங்களா?"

"அது எங்க அதிகாரத்துக்கு உட்பட்டதில்ல," என்றான் ராய்ஸ் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். படிவத்தில் 'உத்தி: வகைப்படுத்த இயலாதது' என்று எழுதி, 'நிராகரிக்கப்பட்டது' என்று சிவப்பு முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தான்.

ஹாய்ட் நேரே ட்ரூடியின் கடைக்குப் போனார். ட்ரூடி தூண்டில் சாமான், பெட்ரோல், சாண்ட்விச் மூன்றும் ஒரே கூரையின்கீழ் விற்பவள். எழுபது வயதுக்காரனையும் ராசா என்றுதான் கூப்பிடுவாள். சுவர் முழுக்க ரப்பர் புழுக்கள் தொங்கின. உப்புப் போட்டது, பூண்டு வாசனை போட்டது, வாலில் மினுமினுப்பு ஒட்டியது. கம்புகள் மட்டும் ஒரு சோளக்கொல்லை அளவு நின்றன.

"ஒரு உத்தி வேணும், ட்ரூடி. இருக்கிறதுலயே சின்னதா."

"உத்தி ஒண்ணா வராது ராசா. ஒவ்வொண்ணுக்கும் தனிக் கம்பு, தனி ரீல், தனி நரம்பு. ஒரே கம்பை வச்சு ரெண்டு உத்தி பண்றவனைப் படகுத்துறையில யாரும் மதிக்க மாட்டாங்க."

"மீன் மதிக்குமா?"

ட்ரூடி இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "இருபத்தாறு வருஷமா கடை வச்சிருக்கேன். ஒரு மீனும் கதவைத் திறந்துக்கிட்டு வந்து, இந்த நிறம் நல்லா இல்ல, மாத்திக் குடுன்னு கேட்டதில்ல. மனுஷங்கதான் வாராவாரம் வர்றாங்க."

ஹாய்ட் குளிர்பெட்டியைத் திறந்து, பாலுக்குப் பக்கத்திலிருந்த மண்புழு டப்பாவையும் ஒரு பொலோனா இறைச்சி சாண்ட்விச்சையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மே மாதத்தின் கடைசி நாள் சனிக்கிழமை. அன்றுதான் வருடாந்தரப் போட்டி. துறையில் அறுபது படகுகள் மினுங்கின. ஒவ்வொரு படகின் தளத்திலும் பதினொரு கம்புகள் படுத்திருந்தன. தண்ணீருக்கடியில் மீன் எங்கே என்று காட்டும் திரைகள் நான்கு. ஆட்களின் சட்டையில் கழுத்திலிருந்து இடுப்புவரை கம்பெனிப் பெயர்கள். எந்தக் கம்பெனியும் அவர்களுக்கு எதுவும் கொடுத்ததில்லை. சட்டையை அவர்களேதான் வாங்கியிருந்தார்கள்.

காலை ஆறு மணிக்கு எல்லாரும் தண்ணீர் தெளிவு என்று எழுதிப் பச்சைப் பூசணிக்கு முத்திரை வாங்கினார்கள். அறுபது படகும் ஒரே நேரத்தில் இறங்கியதில் தண்ணீர் கலங்கியது. படிவம் காலாவதியாயிற்று. திரும்பி வந்து வரிசையில் நின்று தர்பூசணிக்கு முத்திரை வாங்கினார்கள். அதற்குள் தண்ணீர் தெளிந்துவிட்டது. நண்பகல்வரை படகுகள் போவதும் வருவதுமாக இருந்தன. மீன் பிடிக்க யாருக்கும் நேரமில்லை.

கரையிலிருந்து போட்டியிடுவோர் என்று ஒரு பிரிவு, அடித்துவிட மறந்துபோனதால் விதிகளில் மிச்சமிருந்தது. அதில் ஒரே ஆள் ஹாய்ட். சாயங்காலம் ஐந்து மணிவரை அவர் அட்டை செல்லும். புழுவைக் கோத்துப் போட்டார். ஒரு பூட்ஸைக் கழற்றி அதற்குள் கம்பின் அடியைச் செருகினார். சாண்ட்விச்சைத் தின்றார். பாறையிடம் மனசுக்குள் விடைபெற்றுக்கொண்டு, தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிப்போனார்.

பூட்ஸ் பாறையில் உரசிக்கொண்டு போகிற சத்தம் அவரை எழுப்பியது. கம்பு ஏற்கெனவே தண்ணீரில். பூட்ஸ் அதன் பின்னால் போய்க்கொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இரண்டையும் பிடித்தார். நரம்பின் மறுமுனையில் ஒன்பதரை பவுண்டு பாஸ் மீன் இருந்தது.

அறுபது படகுகளும் கொண்டுவந்த அத்தனையையும் சேர்த்தாலும் அதில் பாதிகூட இல்லை.

இந்தப் பக்கத்துப் போட்டிகளில் ஜெயித்தவன் பரிசு வாங்குமுன் பொய் கண்டுபிடிக்கும் இயந்திரத்தின் முன் உட்கார வேண்டும். எவனோ எடையைக் கூட்ட மீன் வயிற்றில் ஈயக்குண்டு திணித்த வருஷத்திலிருந்து வந்த வழக்கம். கொலை வழக்கில் கோர்ட் ஏற்காத இயந்திரம் அது. மீன் விஷயத்தில் அதன் வார்த்தையே இறுதி. அதை இயக்குபவர் கார்லண்ட், ஓய்வுபெற்ற போலீஸ்காரர். ஹாய்ட்டின் மார்பில் பட்டையைக் கட்டினார். விரல்களில் கிளிப்புகளை மாட்டினார். ராய்ஸ் படிவத்தோடு பக்கத்தில் நின்றான்.

"இந்த மீனை நீங்கதான் பிடிச்சீங்களா?"

"ஆமா."

"என்ன உத்தி?"

"ஒண்ணுமில்ல. தூங்கிட்டிருந்தேன்."

கூட்டம் சிரித்தது. கார்லண்ட் சிரிக்கவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி நேர்கோடு போட்டபடி போனது.

"இத்தனை வருஷத்துல எத்தனையோ பேரைக் கட்டிப் பார்த்துட்டேன்," என்றார். "பெயரைக் கேட்டாலே ஊசி ஆடும். இப்படி ஒரு கோட்டை இன்னைக்குத்தான்யா பார்க்கிறேன்."

ராய்ஸுக்கு வேறு வழியில்லை. உண்மை என்று இயந்திரம் சான்றளித்துவிட்டது. அன்று மாலையே, 'அசைவற்ற நீடித்த காத்திருப்பு' என்ற பெயரில் தூக்கம் முப்பத்தைந்தாவது உத்தியாகப் பட்டியலில் ஏறியது. புதிய உத்தி என்பதால் ஹாய்ட்டுக்குத் தற்காலிக அட்டை தரப்பட்டது. ஆறு வாரத்துக்குள் செய்முறைத் தேர்வு. தேறினால் பாறை அவருக்கு. இல்லையென்றால் பல் வைத்தியருக்கு.

அடுத்த வாரம் ட்ரூடியின் கடையில் தலையணை வந்தது, பச்சைப் பூசணி நிறத்தில். தர்பூசணி நிறத்தில் கண்பட்டி வந்தது. தூங்குவதற்கென்றே செய்த கம்பு வந்தது, ஏழடி, நடுத்தர விறைப்பு. படகுகளில் இருக்கையைப் பிடுங்கிவிட்டுக் கட்டில் போட்டார்கள். ஒருக்களித்துப் படுத்தால் மீன் வருமா, மல்லாந்தால் வருமா என்று படகுத்துறையில் இரண்டு கட்சி உண்டாகி, பேசிப் பழகிய சிநேகிதர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். டெக்சஸிலிருந்து ஒரு ஆசான் வந்து மூன்று நாள் தூக்கப் பயிற்சி நடத்தினார். வகுப்பில் ஒருவரும் தூங்கவில்லை. எல்லாரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹாய்ட்டையும் விடவில்லை. "எப்படித் தூங்குறீங்க? அந்த ரகசியத்தைச் சொல்லுங்க," என்று பாறையைச் சுற்றி நின்றார்கள்.

"கண்ணை மூடுவேன்."

"அது ஆரம்பநிலைங்க. அதுக்கு அப்புறம்?"

அதற்கப்புறம் என்ன செய்கிறோம் என்று ஹாய்ட் அன்றுதான் முதன்முதலாக யோசித்தார். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் வரவில்லை.

"தூங்குறதுக்குப் பரீட்சையா?" என்றாள் அவர் மனைவி வெர்னா. "தேவாலயத்துல பிரசங்கம் தொடங்கும்போதே குறட்டை விடுவீங்க. உங்களுக்கு எதுக்குப் பயம்?"

"பிரசங்கியார் கையில சீட்டை வச்சுக்கிட்டு மார்க்கு போடுறதில்லையே, வெர்னா."

தேர்வு நாள் வந்தது. ராய்ஸும் கார்லண்டும் பாறைக்கு வந்து மடக்கு நாற்காலிகளை விரித்தார்கள். தூக்கத்தை அளக்கும் கருவி அலுவலகத்தில் இல்லாததால் பொய் கண்டுபிடிக்கும் இயந்திரத்தையே ஹாய்ட்டின் மார்பில் கட்டினார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ராய்ஸ் அலுவலகத்தின் தரநிர்ணயக் கம்பு ஒன்றையும் இரை போட்டுப் பக்கத்தில் நட்டு வைத்தான்.

"தூங்கலாம், மிஸ்டர் ஹாய்ட்."

ஹாய்ட் கண்ணை மூடினார். பேனா உரசும் சத்தம் கேட்டது.

"தூங்கிட்டீங்களா?"

"இல்ல."

"பதில் சொல்லாதீங்க. பதில் சொன்னா விழிச்சிருக்கீங்கன்னு எழுத வேண்டியிருக்கும்."

"அப்ப எதுக்குய்யா கேக்குறே?"

"படிவத்துல அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை கேக்கணும்னு இருக்கு."

ஹாய்ட் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். மூடிய கண்ணுக்குள் அந்த ரோந்துப் படகு திரும்பத் திரும்ப வந்தது. அலை எழுந்தது. சாப்பாட்டுப் பெட்டி மிதந்தது. ரத்தம் கொதித்தது. ஒரு மணி நேரம் ஆனது. கேள்வி வருவது நின்றுபோயிருந்தது. ஹாய்ட் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

ராய்ஸ் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். ஆறு வாரமாகத் தூக்கப் படிவங்களுக்கு முத்திரை குத்திய களைப்பு. கார்லண்ட் இயந்திரத்தின்மேல் தலை வைத்திருந்தார். ஏரியில் விழித்திருந்த ஒரே ஆள் ஹாய்ட்.

அப்போது தரநிர்ணயக் கம்பு குனிந்தது. ஒருதரம் நிமிர்ந்தது. பிறகு பாறையை விட்டுப் பறந்து தண்ணீருக்குள் போயே போய்விட்டது. எட்டிப் பிடித்திருக்கலாம். பிடித்தால் விழித்திருந்தது தெரிந்துவிடும். ஹாய்ட் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

சத்தத்தில் ராய்ஸ் துள்ளி எழுந்தான். "கம்பு எங்கே? மிஸ்டர் ஹாய்ட்! கம்பு எங்கே?"

ஹாய்ட் சாவகாசமாகக் கொட்டாவி விட்டு எழுந்தார். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் விஷயம் புரிந்தது. ஹாய்ட் தூங்கவில்லை என்றால், வேலை நேரத்தில் தூங்கிய இரண்டு உத்தியோகஸ்தர்களுக்கு அவர் கண்கண்ட சாட்சி.

"நீங்க எதையாவது பார்த்தீங்களா?" என்றான் ராய்ஸ் மெதுவாக.

"பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி உன் படகு என் சாப்பாட்டுப் பெட்டியைக் கவுத்ததைப் பார்த்தேன். என் நரம்பை அறுத்ததைப் பார்த்தேன். அதுக்கப்புறம் ஒண்ணையும் பார்க்கல."

ராய்ஸ் தொப்பியைக் கழற்றினான். "அது... தப்புதான். மன்னிச்சிருங்க."

"அப்ப நான் தூங்கிட்டுத்தான் இருந்தேன்," என்றார் ஹாய்ட்.

அவர் மார்பில் பட்டை இன்னும் கட்டித்தான் இருந்தது. ஊசி காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி மேலும் கீழும் குதித்தது. கார்லண்ட் அதைப் பார்த்தார். ராய்ஸைப் பார்த்தார். காகிதத்தை உருவிக் கசக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, 'உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஹாய்ட்டுக்கு நிரந்தர அட்டை வந்தது. அதன் கீழே ஒரு வரி: இதை வைத்திருப்பவர் பாறையில் இருக்கும் நேரமெல்லாம் தூங்கியாக வேண்டும், மீறினால் ரத்து. அதனால் இப்போதும் அவர் தினமும் பாறைக்குப் போகிறார். கண்ணை மூடிக்கொண்டு, தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார். கம்பு ஆடுகிற சத்தம் கேட்கும். யாராவது பார்க்கிறார்களோ என்று கண்ணைத் திறப்பதில்லை. ஏரியில் அறுபது படகிலும் அறுபது பேர் அப்படியே, கண்ணை மூடி, விழித்தபடி, பக்கத்துப் படகுக்காரன் நிஜமாகத் தூங்குகிறானா என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

டகெட் ஏரியில் இப்போது பாஸ் மீன் அறவே அகப்படுவதில்லை. காரணம் அறிய நிர்வாகம் மறுபடியும் குழு அமைத்திருக்கிறது, இந்தத் தடவை எட்டுப் பேர். எட்டாமவர் தூக்க நிபுணர் ஹாய்ட் ஸ்ட்ரிப்ளிங். முதல் கூட்டத்திலேயே ராய்ஸ் அறிக்கையை வாசிக்கத் தொடங்கியதும் ஹாய்ட்டின் தலை மெல்லச் சாய்ந்தது. ஆறு வாரத்துக்குமேல் வராத தூக்கம், அசல் தூக்கம், அங்கே வந்தது. மற்ற ஏழு பேரும் அவரை எழுப்பவில்லை. எழுப்ப அவர்களில் யாரும் விழித்திருக்கவில்லை.