தொப்பிக்காரனைத் தீர்த்துக்கட்டிய விதம்

தொப்பிக்காரனைத் தீர்த்துக்கட்டுவது என்று ஒரு நாள் காலை சவரம் செய்துகொள்ளும்போது முடிவு செய்தேன்.

தொப்பிக்காரன் நாவல்களில் வரும் துப்பறிவாளன். என் மனைவி அவனை ‘அவர்’ என்பாள். இருபத்துச் சொச்சம் புத்தகங்களாகக் கொலைகாரர்களைப் பிடித்துவருகிறான். போகட்டும், காகிதத்தில் இருப்பவனுக்குக் கை நீளாது. ஆனால் புத்தகங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தனுப்பும் மாடி வீட்டுப் பல் டாக்டருக்குக் கை உண்டு. சுத்தமான கை. கல்யாணம் வேறு ஆகவில்லை.

“எழுதின வரிசையில படிக்கக் கூடாதாம். கதை நடக்கிற வரிசையிலதான் படிக்கணும்னு டாக்டர் சொல்றார்.”

“வரிசை மாறினா பல்லு விழுந்துடுமா?”

“உங்களுக்குப் புரியாது. அவர் இளவட்டமா இருந்ததே ஏழாவது புத்தகத்துலதான் வருது.”

“யாரு, டாக்டரா?”

அவள் சிரிக்கவில்லை. மாடிப்படியில் நின்று அவரோடு பேசும்போது மட்டும் சிரிப்புச் சத்தம் எனக்குக் குளியலறை வரை கேட்கும்.

நான் புத்தகம் பைண்டு செய்கிறவன். பழைய புத்தகக் கடையில் அந்தத் தொடரின் கடைசி நாவல் அகப்பட்டது. நின்றபடியே முடிவைப் படித்தேன். தொப்பிக்காரன் செத்துப்போகிறான். இத்தனை நிறைவான முடிவை நான் வேறெங்கும் படித்ததில்லை.

டாக்டர் கொடுத்திருந்த அடுத்த புத்தகத்தின் அட்டையை உரித்துக் கடைசி நாவலுக்கு ஒட்டி, அவள் எடுக்கும் இடத்தில் வைத்தேன். ஆளே போய்விட்டான் என்று தெரிந்த பிறகு பழைய கேஸ்களை யார் படிப்பார்கள்? புத்தகம் நின்றால் மாடிப்படியும் நின்றுவிடும்.

மறுநாள் மாலை வீடு திரும்பினேன்.

“முடிச்சிட்டியா?” என்றேன், துக்கம் விசாரிக்கிற குரலில்.

“படிக்கவே இல்லை. கையில எடுத்ததும் பசை வாசனை. இந்த வீட்டுக்குள்ள பசை வாசனையோட வர்றவர் ஒருத்தர்தான்.”

“அது வந்து…”

“உள்பக்கத்தைப் பார்த்தா கடைசி நாவல்! டாக்டர்கிட்ட இல்லாதது அது ஒண்ணுதாங்க. ஊரெல்லாம் தேடியும் கிடைக்கலையாம். கொண்டுபோய்க் கொடுத்தேன், மனுஷருக்குக் கண்ணே கலங்கிடுச்சு.”

“கொடுத்துட்டியா?”

“நீங்க தேடி வாங்கிட்டு வந்தீங்கன்னுதான் சொன்னேன். வரிசையைக் கலைக்கப் பார்த்தீங்கன்னு சொல்லலை. உங்க மானம் எனக்கு முக்கியம்.”

“சரி, அவர் படிச்சுக்கட்டும்.”

“தனியாப் படிக்க மாட்டாராம். நான் மிச்சத்தை முடிச்சதும் சேர்ந்து படிக்கணுமாம். சீக்கிரம் முடிக்கணும்ல? தினமும் சாயங்காலம் இங்கேயே வந்து வாசிச்சுக் காட்டுறேன்னார்.”

அழைப்புமணி அடித்தது. டாக்டர் இரண்டு கையிலும் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு நின்றார். தலைவாரியிருந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி விளக்கை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

எனக்கு ஒரே ஒரு ஆயுதம் மிச்சமிருந்தது. “கடைசியில அந்தத் தொப்பிக்காரன்…” என்று வாயைத் திறந்தேன்.

“சார், மூடுங்க, மூடுங்க!” என்று பதறினார். ஒரு பல் டாக்டர் வாயை மூடச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

“ஆமாங்க, முடிவைப் படிக்காம நீங்க வாங்கியிருக்க மாட்டீங்க” என்றாள் மனைவி. “முடிவு தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்தா சரிப்படாது. உள்ளே போய் இருங்க. போறப்ப கதவைச் சாத்திக்குங்க.”