தாயார் விவரம் கட்டாயம்

ஜோமோன் ஐந்தரைக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். இரண்டு முட்டை வேகவைத்தான். குபூஸ் ரொட்டியை வாட்டினான். மகள் எவ்லினை எழுப்பிப் பல் துலக்கிவிட்டுச் சடை பின்னினான். சடை இடப்பக்கம் சாய்ந்தது. அவிழ்த்துப் பின்னினான். வலப்பக்கம் சாய்ந்தது. அப்படியே விட்டான். ஆறேகாலுக்கு அவளை மூன்றாம் மாடி ஷைலஜா சேச்சி வீட்டில் விட்டுவிட்டு, நெரிசலில் காரை நுழைத்தான்.

மனைவி லிஸ்மி இறந்து ஏழு மாதமாக எல்லாக் காலையும் இதுதான்.

மார்ச்சில் ஷைலஜா சேச்சி கேரளாவுக்கே திரும்பிப் போகிறார். ஏப்ரலில் எவ்லின் கேஜி சேர வேண்டும். மாலை ஐந்து மணிவரை குழந்தைகளை வைத்துக்கொள்ளும் இந்தியப் பள்ளி சார்ஜாவில் அவனுக்குத் தெரிந்து ஒன்றுதான். அங்கே இடம் கிடைத்தால் எவ்லின் அவனோடு இருப்பாள். கிடைக்காவிட்டால் கேரளாவில், பாலா என்ற ஊரில், லிஸ்மியின் அண்ணன் வீட்டுக்குப் போவாள். அண்ணன் கட்டில்கூட வாங்கிவிட்டார். இளஞ்சிவப்பு நிறத்தில். புகைப்படம் அனுப்பியிருந்தார்.

அலுவலகத்தில் விண்ணப்பத்தைத் திறந்தான். 'தாயார் விவரம்' என்ற இடத்தில் சிவப்புப் புள்ளி இருந்தது. நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியவில்லை.

பின்னால் நின்று பார்த்தார், கூட வேலை பார்க்கும் ஹனீஃபிக்கா. இருபத்திரண்டு வருடமாக சார்ஜாவில் இருப்பவர். நான்கு பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தவர்.

"காலியா விட்டேன்னு வை, ஃபைலு அடியில போயிடும். அப்பாவும் அம்மாவும் ஜோடியா உக்காந்தாதான் அங்க இன்டர்வியூவே."

"உள்ளதைச் சொல்லிடட்டுமா இக்கா?"

"சொல்லேன். யாரு வேண்டாங்கிறா?"

ஜோமோன் வாயைத் திறந்தான். அந்த வாக்கியம் வரவில்லை. இதுவரை யாரிடமும் அதை அவன் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய இடங்களில் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"அப்ப எழுது, நர்ஸுன்னு. நர்ஸுதானே? பொய் ஒண்ணும் இல்லையே!"

எழுதினான். அடுத்த பக்கம் லிஸ்மியின் விசா நகல் கேட்டது. ரத்தானதுதான் இருந்தது. அதை ஏற்றினான். ஏற்றுக்கொண்டது. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாம் நாள் பள்ளியிலிருந்து அழைப்பு.

"சார், அட்மிஷன்லேருந்து ஸெலின் பேசறேன். குழந்தையோட அம்மா நம்பர் கிடைக்கலையே?"

"டியூட்டியில இருக்கா."

"எப்ப முடியும் சார்?"

"ராத்திரி. அதுக்கப்புறம் நைட் டியூட்டி."



"பகல் டியூட்டியும் நைட் டியூட்டியும் சேர்ந்தா சார்?"

"ஆள் பற்றாக்குறை."

"பாவம் சார் அவங்க," என்றாள் ஸெலின். "சரி, சனிக்கிழமை பத்து மணிக்கு இன்டர்வியூ. ரெண்டு பேரும் வந்துடுங்க."

ஜோமோன் ஹனீஃபிக்காவிடம் ஓடினான்.

"இதுக்கா முழிக்கிறே? அவசர லீவுல ஊருக்குப் போயிட்டான்னு சொல்லு. ஊருக்குப் போனவளை யாரு இழுத்துட்டு வருவா?"

சொன்னான்.

"அச்சோ! யாருக்கு என்ன சார்?" என்றாள் ஸெலின்.

ஜோமோன் அதை யோசித்திருக்கவில்லை. "அவ அம்மாவுக்கு... கால்."

"உடைஞ்சிடுச்சா?"

"ரெண்டும்."

"ரெண்டுமா! சரி சார், அவங்களை அலைக்கழிக்க வேண்டாம். வீடியோ கால்ல வரச் சொல்லுங்க, போதும்."

ஹனீஃபிக்கா தலையில் கை வைத்தார். "ஒரு கால் போதாதாடா உனக்கு?"

வேறு வழியில்லாமல் தொடுபுழையில் இருக்கும் சித்தப்பா மகள் பின்ஸியை அழைத்தான். அவள் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு ஒப்புக்கொண்டாள். லிஸ்மியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினான். பிறந்த நாள், திருமண நாள், படித்த கல்லூரி, எவ்லினுக்குப் பிடித்தது, பிடிக்காதது. எழுதி முடிக்க நான்கு நாள் ஆனது.

சனிக்கிழமை. முதல்வர் அனுராதா பணிக்கரின் அறை. மேசைமேல் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு, பக்கத்தில் பேரீச்சம்பழத் தட்டு. ஸெலின் ஓரத்தில் ஃபைலோடு நின்றாள். எவ்லின் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு பேரீச்சம்பழத்தையே பார்த்தாள்.

"அம்மாவைக் கூப்பிடலாமா?" என்றார் முதல்வர்.

போனை மேசைமேல் சாய்த்து வைத்தான். பின்ஸி திரையில் வந்தாள். ஞாயிறு பூசைக்குக் கட்டும் பட்டுப் புடவையில் இருந்தாள். இரண்டு காலும் உடைந்த தாயைப் பார்த்துக்கொள்ளும் மகளாகத் தெரியவில்லை.

"குட் மார்னிங் மேடம்!" என்றாள் உரக்க.

"அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்காங்க மேடம். இப்பதான் மார்க்கெட்டுக்குப் போனாங்க."

ஜோமோன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நடக்கிறது நல்லதுதான்," என்றார் முதல்வர் முகம் மாறாமல். "குழந்தைக்கு என்ன பிடிக்காது?"

"கத்திரிக்காய்!"

பின்ஸிக்குப் பின்னால் கதவு திறந்தது. லுங்கியோடு ஒரு ஆள் வந்து, "என் சட்டை எங்கடி?" என்றான்.

"அது யாரு?" என்றார் முதல்வர்.

"அண்ணன்," என்றான் ஜோமோன்.

"வீட்டுக்காரர்," என்றாள் பின்ஸி அதே நேரத்தில்.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "பெரிய குடும்பம்னா இப்படித்தான். உறவு சொல்றதுல குழப்பம் வரும்," என்றார்.

எவ்லின் போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"பின்ஸி ஆன்ட்டி!"

அவ்வளவுதான் என்று நினைத்தான் ஜோமோன். இளஞ்சிவப்புக் கட்டில் கண்முன் வந்தது.

"சின்னக் குழந்தைங்க இல்லையா?" என்றார் முதல்வர், சற்று வேகமாக. "போன்ல பாத்தா அம்மாவையே அடையாளம் தெரியாது. எங்க ஸ்கூல்ல தினம் நடக்குது. இல்லையா ஸெலின்?"

"தினம் மேடம்," என்றாள் ஸெலின்.

"அது எங்கம்மா இல்ல. பின்ஸி ஆன்ட்டிதான்," என்றாள் எவ்லின். பேரீச்சம்பழத்தை எடுத்தாள். "எங்கம்மா செத்துப் போச்சே."

ஜோமோன் குனிந்து அவள் ஷூவின் வாரைச் சரிசெய்தான். அது சரியாகத்தான் இருந்தது.

முதல்வர் ஜன்னலைப் பார்த்தார். "கற்பனை வளம் நல்லா இருக்கு," என்றார். "சீட்டு கொடுத்துடலாம். ஸெலின், யூனிஃபார்ம் அளவு எடுத்துக்கோ."

கிடைத்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம். ஹனீஃபிக்கா என்றால் இந்நேரம் பார்க்கிங்கில் இருப்பார். ஜோமோன் நிமிர்ந்தான். எவ்லின் வாயில் பேரீச்சம்பழத்தோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் சொன்னது தப்பா என்று கேட்கிற பார்வை.

"மேடம், குழந்தை சொன்னது நிஜம்," என்றான். "என் மனைவி இறந்துட்டா. ஜூன்ல. அது என் சித்தப்பா பொண்ணு. கால் ஒண்ணும் உடையலை. யாருக்கும் உடையலை."

திரையில் பின்ஸி மூக்கை உறிஞ்சிவிட்டு அணைந்தாள்.

முதல்வர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். மூட்டை இறக்கியவர் மாதிரி மூச்சு விட்டார். "அப்பாடா! ஸெலின், இனிமே நீயே சொல்லும்மா. என்னால முடியலை."

"தெரியும் சார்," என்றாள் ஸெலின்.

"என்ன தெரியும்?"

"எல்லாம். நீங்க ஃபாரம் போட்ட அன்னிக்கே தெரியும். அவங்களுக்காக சர்ச்சுல நடந்த பிரார்த்தனைக்கு நானும் வந்திருந்தேன். நீங்க யாரையும் பாக்கலை." ஃபைலைத் திறந்து அவன் பக்கம் திருப்பினாள். உள்ளே இன்னொரு விண்ணப்பம், மே மாதத் தேதியில். கீழே லிஸ்மியின் கையெழுத்து. "ஆஸ்பத்திரியிலேருந்து நேரா இங்க வந்தாங்க சார். மாஸ்க்கு, கையில ஊசி போட்ட பிளாஸ்திரி. மேடம் அன்னிக்கே சீட்டு எழுதிட்டாங்க."

ஜோமோன் கையெழுத்தைப் பார்த்தான். "அப்புறம் எதுக்கு இவ்வளவு கேள்வி? வீடியோ கால் வேற!"

"மத்தவங்ககிட்ட எப்படிக் கேப்போமோ அப்படியேதானே சார் கேக்கணும்? கேக்காம விட்டா உங்களுக்குச் சந்தேகம் வந்துடுமே." ஸெலின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு காலையும் உடைப்பீங்கன்னு நாங்க என்ன கண்டோம்?"

"இப்படி நடத்தச் சொன்னது யாரு?"

"அவங்கதான் சார். வாசல் வரைக்கும் போயிட்டு, கதவைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பிச் சொன்னாங்க: 'என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லவே வராது. அவர் வந்து என்ன சொன்னாலும் கொஞ்சம் நம்பிடுங்க.'"