எனக்குப் பதிலாக ஒரு நோயாளி

இனி அந்த மிஸ்ஸுக்கு முன்னால் வாயைத் திறப்பதில்லை என்று நான் முடிவெடுத்தது ஒரு புதன்கிழமை. அதற்கு முந்திய மூன்று புதன்களிலும் நான் வாயைத் திறக்கவே இல்லை என்பது வேறு விஷயம். முடிவு என்று ஒன்றை எடுத்தால்தான் ஆம்பிளைக்கு மரியாதை.

நான் ஸலாஹுதீன். கல்முனை பஸாரில் சாரன், லுங்கி விற்கிற கடை. வழி கேட்க நின்றவனுக்கும் இரண்டு சாரன் விற்று அனுப்புகிற வாய் என்னுடையது. அப்படிப்பட்ட எனக்கு, மகள் நிஹ்லாவுக்கு நிகாஹ் நாள் குறித்த அன்றிலிருந்து நித்திரை இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. டொக்டர் எல்லாவற்றையும் சோதித்தார். "நெஞ்சு நல்லாத்தான் இரிக்கி. மனசத்தான் பார்க்கோணும்" என்று மனநலக் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தந்துவிட்டார்.

கல்முனையில் ஒருவன் தும்மினால் பக்கத்து ஊர் சாய்ந்தமருதில் யர்ஹமுகல்லாஹ் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் நான் எப்படி அங்கே போவேன்? ஹெல்மட் போட்டுக்கொண்டு போனேன். வாங்கில் உட்கார்ந்த பிறகும் கழற்றவில்லை. தாதி வந்தாள்.

"சாரன் கடைக் காக்கா, ஹெல்மட்டக் கழட்டுங்க. பிரஷர் பார்க்கோணும்."

காக்கா என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டாள்; வாங்கு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அதில் ஒருவன், பெருநாள் சாரன் வந்துவிட்டதா என்று வேறு விசாரித்தான்.

உள்ளே இருந்தது பாண்டிருப்பு மீனாம்பிகை மிஸ். உளவளத்துணையாளர். முகம் சிரித்த முகம். மேசையில் ஒரு மருந்துப் போத்தலைக்கூடக் காணவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம்.

"சொல்லுங்க ஐயா, மனசில என்ன இருக்கு?"

"ஒண்டுமில்ல மிஸ்."

"நித்திரை?"

"அதுவும் இல்ல."

"ஏன் இல்ல?"

"அதத்தானே நீங்க சொல்லோணும்."

"நான் சொல்லேலா ஐயா. நீங்க கதைக்கோணும். நாம ரெண்டு பேரும் சேர்ந்து தேடோணும்."

"அப்ப குளிசை?"

"இல்ல."

"ஊசி?"

"ஊசியும் இல்ல."

"அப்ப காலம ஆறு மணிக்கு வந்து நம்பர் எடுத்தது கதைக்கவா?"

"ஓம்" என்றாள், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

மூன்றாம் முறை ஒரு பள்ளிக்கூடக் கொப்பியைத் தந்தாள். பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு. ஒவ்வொரு நாளும் மூன்று கேள்விக்குப் பதில் எழுத வேண்டுமாம். என்ன நடந்தது? என்ன நினைத்தீர்கள்? என்ன செய்தீர்கள்? ஐம்பத்தாறு வயதில் எனக்கு வீட்டுப்பாடம்! ஏழு நாள் பாடத்தையும் கடையில் ஐந்தே நிமிடத்தில் முடித்தேன். 'திங்கள்: ஒன்றுமில்லை. செவ்வாய்: மேற்படி. புதன்: மேற்படி.' மிஸ் அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"கொப்பியும் உங்களப் போலத்தான் ஐயா. வாயத் திறக்குதில்ல."

கொப்பியை அவள் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அந்த நான்காம் புதனில்தான் என் முடிவு பிறந்தது. கூடவே ஒரு மாபெரும் யோசனையும் பிறந்தது.

எங்கள் பக்கம் பயந்த காய்ச்சல் வந்தால் நோயாளி பாயில் படுத்திருப்பான். வீட்டில் ஒருவர் அவன் பெயரையும் அவன் உம்மாவின் பெயரையும் பள்ளிவாசல் லெப்பையிடம் கொண்டுபோய்ச் சொல்வார். லெப்பை ஓதி ஊதித் தண்ணீர் கொடுத்தனுப்புவார். நோயாளிக்கு உள்ள ஒரே வேலை அண்ணாந்து குடிப்பது. இதுவல்லவா வைத்தியம்! அதோடு, கதைக்கிறதுதான் மருந்து என்றால், அந்த மருந்து என் வீட்டில் லீற்றர் கணக்கில் இருக்கிறது. பெயர் றாஹிலா. என் பெண்சாதி.

"றாஹிலா, வாற புதன் மிஸ்ஸிட்ட நீ போ. எனக்குப் பதிலா."

"நோய் உங்களுக்கு. கதைக்கப் போறது நானா?"

"என்ட பேரச் சொல்லு. உம்மாட பேரு ஜெனூபா எண்டு சொல்லு. மத்ததெல்லாம் அவ பார்த்துக்குவா."

"அவ என்ன, ஓதிப் பார்க்கிறவவா?"

"எல்லாம் ஒண்டுதான். ஆள் சுகம் எண்டு மட்டும் சொல்லிட்டு வா. வேற ஒண்டும் கதைக்காத."

றாஹிலாவிடம் 'கதைக்காத' என்று சொன்ன என் புத்தியை நீங்கள் மெச்ச வேண்டும். போனவள் இரண்டு மணித்தியாலம் கழித்து வந்தாள். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. கையில் புதுக் கிளினிக் கார்ட்.

"மிஸ் என்ன சொன்னா?"

"இதுக்கு மாத்தாள் எடுக்கிறல்லயாம். எனக்கிச் சொந்தமா ஒரு நம்பர் போட்டுத் தந்தா."

"ஒனக்கு என்ன நோய்?"

"அதத்தான் ரெண்டு பேருமாத் தேடிக்கிட்டு இரிக்கம்."

போகட்டும், எனக்குத் தலை தப்பியது. அதன் பிறகு புதன்தோறும் றாஹிலா போனாள். நான் கடையில் காலாட்டிக்கொண்டிருந்தேன். ஒரேயொரு மாற்றம். மஃரிப் தொழுதுவிட்டு வந்தால் பிளேன்டீயோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இண்டைக்கி என்ன நடந்த?"

இருபத்தெட்டு வருடத்தில் கேட்காத கேள்வி. கேட்டால் சொல்லாமல் இருப்பேனா?

"மருமகனாகப் போற றிபாத் வந்தான். முன் அறைய அளந்தான். அலுமாரி வைக்கயாம்."

"அப்ப என்ன நினச்சீங்க?"

"என்னத்த நினைக்க. அவன்ட நாடா துருப்பிடிச்சது எண்டு நினச்சன்."

"மறுகா என்ன செஞ்சீங்க?"

"நாடாவ ஒளிச்சி வெச்சன்."

அவள் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். இப்படியே மூன்று வாரம். அதிசயம் என்னவென்றால், எனக்கு நித்திரை வந்தது! நெஞ்சுப் படபடப்பும் குறைந்தது. பக்கத்துக் கடை மஜீட்டுக்குக் கோபம் அதிகம். அவனுக்கும் புத்தி சொன்னேன். "நீ போகாத. பொண்டாட்டிய அனுப்பு. ஆள் போய்ச் சேந்தாப் போதும், சுகம் தானா வரும்."

நான்காம் வாரம் ஏசி பூட்டுகிறவன் வந்து, முன் அறைச் சுவரில் என்னைக் கேட்காமல் துளை போட்டான். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாவிட்டால் சொல்கிறேன். இங்கே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேற வேண்டும். மகள் கலியாணம் முடித்தால் வீடு அவளுக்கு. கிழடுகள் முன் அறையை விட்டுப் பின் அறைக்குப் போக வேண்டும். அன்றைக்கு பிளேன்டீயோடு வந்து றாஹிலா கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்தது.

"என்ன நடந்ததா? ஒரு சூட்கேசோட உங்கட ஊட்டுக்கு வந்தவன் நான்! இந்தச் சுவருக்குச் சீமெந்து பூசினது நான். முன் அறையில இரிந்தாத்தான் எனக்கி இது என்ட ஊடு மாதிரி. இப்ப அதே சூட்கேசத் தூக்கிக்கிட்டு பின்னால போகச் சொன்னா, நான் ஆரு இஞ்ச? விருந்தாளியா? ஒரு ஆளாவது என்னட்டக் கேட்டீங்களா?"

சொல்லி முடிக்கும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். ஆம்பிளை அழுததை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

றாஹிலா முந்தானைக்குள்ளிருந்து ஒரு கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினாள். பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு! பறித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் என் 'மேற்படி'கள். அதன் பிறகு பக்கம் பக்கமாக அவள் கையெழுத்து. துருப்பிடித்த நாடா வரைக்கும் இருந்தது.

"இது... இது மிஸ்ஸிட்டப் போச்சா?"

"புதனுக்குப் புதன். ஆள் வராட்டி, கேள்வி ஆளிட்டப் போகட்டும் எண்டு சொன்னா. இண்டைக்கித்தான் நீங்க ஒழுங்காப் பதில் சொல்லியிரிக்கீங்க. சரி, உங்களுக்கு என்ன வேணும்?"

"முன் அறை."

"எடுத்துக்கங்க. புள்ளயள் நடு அறையில இரிப்பாங்க. நான் கதைக்கன்."

இவ்வளவுதானா? வென்றுவிட்டேனா? அன்றைக்கு நான் நடந்த நடையில் சாரன் இடறியது.

அடுத்த நாள் காலையில் பார்த்தால் றாஹிலாவின் தலையணை, தொழுகிற முசல்லா, தைலப் போத்தல் எல்லாம் வரிசையாகப் பின் அறைக்குப் போய்க்கொண்டிருந்தன.

"நீ எங்க போறாய்?"

"மிஸ் என்னட்டயும் கேட்டா, உங்களுக்கு என்ன வேணுமெண்டு. நான் பொறந்து வளந்த ஊட்ட நானும்தான் குடுக்கன். எனக்கிம் நெஞ்சு அடிக்கிது. நீங்க கேட்டீங்களா? கேட்கல்ல. இருபத்தெட்டு வருசம் உங்கட குறட்டையக் கேட்டதுதான் மிச்சம். எனக்கி ஒரு கதவு வேணுமெண்டு சொன்னன். உள்ளால பூட்டுற கதவு."

அவள் சொன்னதைச் செய்தாள். முன் அறையில் நான் ராஜாவாக உட்கார்ந்தேன். லுஹர் தொழுகை நேரம் போனது. அஸர் போனது. சுவர்த் துளை வழியாகக் காற்று வந்தது. பிளேன்டீ வரவில்லை. அவள் இல்லாத அறை எனக்கு எதற்கு? அந்தப் பழைய சூட்கேசைத் தூக்கிக்கொண்டு பின் அறைக் கதவைத் தட்டினேன்.

"ஆரு?"

"நான்தான்."

"என்ன நடந்த?"

"ஒண்டுமில்ல, றாஹிலா. சும்மா."

கதவுக்கு அடியால் கொப்பி வந்தது. பின்னால் பேனையும் வந்தது.

"வாயால ஏலாட்டி எழுதித் தாங்க. ஆரம்பத்துல இரிந்து."

சூட்கேசின் மேல் உட்கார்ந்து எழுதினேன். நீங்கள் இவ்வளவு நேரம் வாசித்தது அதைத்தான். நிஹ்லா என் காலைத் தாண்டிக்கொண்டு போனாள். "வாப்பா, ஹோம்வேர்க்கா?" என்று கேட்டாள். மூன்று கேள்விக்கும் எழுதிவிட்டேன். கடைசியில் றாஹிலா புதிதாக ஒரு கேள்வி எழுதி வைத்திருந்தாள். 'நான் இல்லாமல் உங்களுக்கு எப்படி இருந்தது?' இதையெல்லாம் எழுதுவதா? முன்பு எழுதியதிலேயே தெரியும்தானே என்று ஒரு சொல்லில் முடித்து, கொப்பியை உள்ளே தள்ளினேன்.

கொப்பி உடனே திரும்பி வந்தது. கடைசி வரியில் சிவப்புக் கோடு. பக்கத்தில் அவள் கையெழுத்து: "மேற்படி எண்டு எழுதினா கதவு திறக்கிறல்ல."