சிவப்பு டிக்

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்த குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் எழுதியிருந்த அத்தனை வரிகளுக்கு எதிரிலும் சிவப்பு மையில் டிக்.

கோபம் தணிய டாக்டர் சொன்ன வைத்தியம் அந்த நோட்டு. "மனசுல இருக்கறத அப்படியே எழுதிடுங்க. யாருக்கும் காட்ட வேணாம்." இவரும் எழுதினார். ஆனால், வாஷிங் மெஷின் கம்பெனியில் காலமெல்லாம் வாடிக்கையாளர் புகார் எழுதிய கை வேறு எப்படி எழுதும்? ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். தேதி, யார் மீது, என்ன குறை, எடுத்த நடவடிக்கை. 'யார் மீது' என்ற இடத்தில் பெரும்பாலும் மனைவி. கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டார். வீட்டுக் குறைக்கு யார் வந்து நடவடிக்கை எடுப்பது?

வீட்டில் வைத்தால் வம்பு என்று நோட்டை ஆபீஸ் பையிலேயே சுமந்து திரிந்தார்; ஆபீஸில் ஓய்வு கிடைத்தபோதும் எடுத்து எழுதினார். அப்படியும் மாட்டிக்கொண்டாரே! மனைவி பள்ளிக்கூட டீச்சர். இந்த வீட்டில் சிவப்புப் பேனா வேறு யாரிடம் இருக்கிறது? காலையில் அவர் குளிக்கப் போன நேரத்தில் பையைக் குடைந்திருக்கிறாள்.

அவள் ஹாலில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இத்தனை வருஷக் குடித்தனம் ஒரு நோட்டால் முறிந்துவிடுமோ என்று நிஜமாகவே கலங்கிப்போனார். அவள் இல்லாவிட்டால் அவருக்கு வீட்டுச் சாவி எங்கே தொங்குகிறது என்றுகூடத் தெரியாது.

முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிடுவதே நல்லது.

"உன் தம்பிய நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

பேனா நின்றது. "எப்படி?"

ஓஹோ, என் வாயாலேயே சொல்ல வைக்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"ஓசிச் சாப்பாட்டுக்குன்னே பொறந்தவன்னு..."

"ம். அப்புறம்?"

"நீ பாட ஆரம்பிச்சதும் நான் மோட்டார் போடறது தண்ணிக்காக இல்ல."

"அப்படியா!"

"நீ பின்னிக் குடுத்த ஸ்வெட்டர் பஸ்ல தொலையல. நான்தான் வேணும்னே விட்டுட்டு இறங்கினேன்."

அவள் பேனாவை மெல்ல மூடி வைத்தாள். மூன்றைச் சொன்ன பிறகு மிச்சத்தை மறைத்து என்ன லாபம்? மாமியாரின் போன் வந்தால் தூங்குவது போல நடிப்பது வரை ஒன்று விடாமல் கொட்டினார். கடைசிப் புகாரை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் வேலை விட்டு வந்தா நீ நிமிர்ந்துகூடப் பாக்கறதில்ல. அது கஷ்டமா இருக்கு."

அவள் பேப்பர் கட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு, "சரி, உக்காருங்க. இப்ப நான் சொல்றேன்" என்றாள்.

சொன்னாள். அடுப்பில் வைத்த பால் பொங்கித் தீய்ந்தது கூடத் தெரியாமல் சொன்னாள். இவருடைய குறட்டையில் ஆரம்பித்து இவர் அக்காவில் வந்து நின்றபோது, டாக்டர் குறைக்கச் சொன்ன ரத்த அழுத்தம் எங்கேயோ ஏறிப் போயிருந்தது.

மறுநாள் காலையில் அவர் கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள். அவளாகவே நிமிர்ந்து பார்த்தாள்.

"சீக்கிரம் வாங்க. இன்னும் பாதிதான் சொல்லியிருக்கேன். அப்புறம், தம்பி இன்னைக்கு வர்றான். ஒரு மாசம் இருப்பான்."

ஆபீஸில் கால் வைத்ததும் பக்கத்து மேஜை மெக்கானிக் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார்.

"எனக்கு ஒரு காபி வாங்கித் தரணும் சார். நேத்து நீங்க சாப்பிடப் போனப்ப மேலிடத்துலேருந்து திடுதிப்புன்னு செக்கிங் வந்துட்டாங்க. உங்க மேஜை மேல ஒரு புகார் நோட்டு, ஒண்ணுக்குக்கூட நடவடிக்கை எடுக்காமக் கெடந்துச்சு. நான் விடுவேனா? வழக்கம்போல ஒரு எழுத்துகூடப் படிக்காம எல்லாத்துக்கும் டிக் போட்டுட்டேன்!"