குழாயின் மறுமுனை

கொன்சாகா தன்னுடைய ஆஸ்பத்திரி வாசலிலேயே, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைப் போட்டுக்கொண்டு, உள்ளே போக வழியில்லாமல் நின்றிருந்தார். நோயாளி உள்ளே உட்கார்ந்திருந்தார். நோயாளி அவருடைய மாமியார். அதுதான் சிக்கல்.

மஸாக்கா ஊர்ப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளையும் மாமியாரும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. முகம் பார்க்கக் கூடாது. தொடுவதைப் பற்றிப் பேச்சே கிடையாது. தொட்டால் கைநடுக்கம் வந்துவிடும், அதற்குப் பிறகு ஆயுசுக்கும் ஒரு கோப்பை டீயைச் சிந்தாமல் குடிக்க முடியாது என்பார்கள். கொன்சாகா படித்தவர், இதையெல்லாம் நம்பாதவர். ஆனால் நம்பாதவர்கள் யாரும் இதுவரை தொட்டுப் பார்த்ததும் இல்லை.

திருமணமாகி ஒன்பது வருடத்தில் அவர் மாமியார் பெர்பெதுவா அம்மாளின் பாதங்களைப் பார்த்திருக்கிறார், குரலைக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். அந்தக் குரலுக்கு அவர் கடமைப்பட்டவர். பெண் கேட்டுப் போனபோது, "பையனுக்குக் காபித் தோட்டமும் இல்ல, வாழைத் தோட்டமும் இல்ல" என்று சொந்தக்காரர்கள் முறுக்கிக்கொண்டார்கள். "இவனுக்கே குடுங்க. சிரிக்கத் தெரிஞ்ச பையன்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். சின்ன வயதிலேயே தாயை இழந்த கொன்சாகாவுக்கு அது பெரிய விஷயம்.

இப்போது அந்த அம்மாளுக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு. நர்ஸ் தடுப்பூசி போட அடுத்த ஊருக்குப் போயிருந்தாள். இருந்த ஒரே ஆள், மாமியாரை மோட்டார் பைக்கில் ஏற்றிவந்த சலோங்கோ. சலோங்கோ என்பது இரட்டைப் பிள்ளைகளின் தகப்பனுக்கு ஊர் கொடுக்கிற பட்டம். மற்றவர்கள் டாக்டர் பட்டத்தைச் சொல்வதுபோல அவர் அதைச் சொல்லிக்கொள்வார்.

"அத்தைக்கு என்ன பண்ணுதுன்னு கேளுங்க."

சலோங்கோ உள்ளே போய்த் திரும்பினார். "நெஞ்சு குதிக்குதாம்."

"எப்பலேருந்து?"

மறுபடி போய் வந்தார். "வழியிலேருந்து."

சலோங்கோ அந்த மலைச்சரிவில் பிரேக் பிடிக்காமல் இறங்கியபோதிருந்து என்பதுதான் அம்மாள் சொன்ன முழு பதில். பாதியைச் சலோங்கோ தன்னிடமே வைத்துக்கொண்டார்.

"குதிக்குதுன்னா எப்படி? விட்டு விட்டா, ஒரே ஓட்டமா?"

"டாக்டரே, ஒரு பொம்பளகிட்ட நெஞ்சப் பத்தி எத்தன கேள்விதான் நான் கேக்கறது? எனக்கும் வீட்ல ஆள் இருக்கு."

கொன்சாகா யோசித்தார். அறையின் குறுக்கே ஒரு போர்வையைக் கட்டச் சொன்னார். ஸ்டெதாஸ்கோப்பின் குழாயைப் பாதியில் வெட்டி, ஆக்ஸிஜன் உருளையின் நீளமான ரப்பர் குழாயை நடுவில் செருகினார். காதில் மாட்டும் பகுதி வராந்தாவில் அவரிடம், நெஞ்சில் வைக்கும் வட்டத் தகடு போர்வைக்கு அந்தப் பக்கம்.

"அத்தை, அந்தத் தகட்ட இடது மாருக்குக் கீழ வெச்சுக்கங்க. நான் இங்க இருந்தே கேட்டுக்கறேன்."

உள்ளேயிருந்து குழாயை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்கள்.

"சலோங்கோ, மாப்பிள்ளைகிட்டக் கேளுங்க. இதோட மறுமுனை எங்க இருக்கு?"

"அவர் காதுல இருக்கு, அம்மா."

"அப்ப இவர் காது என் நெஞ்சுல இருக்கற மாதிரிதானே ஆச்சு?"

கொன்சாகா வராந்தாவிலிருந்து கெஞ்சினார். "இதுல தொடறதே இல்ல அத்தை. வெறும் காத்துதான். போன்ல பேசறோமே, அது மாதிரி."

"போன்ல குழாய் இல்லையே."

அதுவும் சரிதான் என்று சலோங்கோ தலையாட்டினார். கடைசியில் கொன்சாகா, "அத்தை, உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எந்த முகத்த வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவேன்?" என்று கேட்டார். அது வேஷமில்லை.

உள்ளே துணி சரசரத்தது. "சரி. வெச்சாச்சு."

கொன்சாகா கேட்டார். அவர் முகம் வெளுத்தது.

லப், டப் என்று இரண்டாகக் கேட்க வேண்டிய சத்தம் ஒரே கோடாக ஓடியது. எண்ணவே முடியவில்லை. தோராயமாக நிமிடத்துக்கு முந்நூறு. நடுநடுவே அடியில் கரகரவென்று ஒரு சத்தம். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்று முடிவு செய்தார்.

அவர் மனைவிக்குப் போன் போட்டார். இம்மாகுலேட் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கையெல்லாம் சாக்பீஸ் தூளாக ஓடிவந்து, உள்ளே போய் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எழுபத்தாறுதாங்க வருது. நல்லாத்தான் இருக்கு."

கொன்சாகா அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் படித்தவர், விடவில்லை.

"அதுதான் ஆபத்து. இதயத்துல மேல ரெண்டு அறை, கீழ ரெண்டு அறை. மேல் அறை சுருங்கிக் கீழ் அறைய நிரப்பணும், நிரம்பினப்புறம் கீழ் அறை உடம்புக்குத் தள்ளணும். இவ்ளோ வேகமாத் துடிச்சா நிரம்பறதுக்கு நேரம் ஏது? முக்கால்வாசித் துடிப்பு வெறுந்துடிப்பு. தமனில ரத்தம் வராது, அலை மணிக்கட்டு வரைக்கும் எட்டாது. நான் கேட்டது இதயத்த. நீ எண்ணினது, தப்பிச்சு வந்து சேர்ந்த மிச்சத்த."

இம்மாகுலேட் அழத் தொடங்கினாள்.

சலோங்கோவுக்கு ஆர்வம் வந்துவிட்டது. "அந்த நாலு அறைக்கும் ஒண்ணுக்கொண்ணு வழி உண்டா?"

"மேலேருந்து கீழ உண்டு. வலதுலேருந்து இடதுக்குக் கிடையாது. நடுவுல சுவர். வலது பக்கத்து ரத்தம் நுரையீரலச் சுத்திக்கிட்டுத்தான் இடது பக்கம் வரணும்."

"மாமியாரும் மாப்பிள்ளையும் மாதிரின்னு சொல்லுங்க."

போர்வைக்கு அந்தப் பக்கம் மாமியாரின் தோள்கள் குலுங்கியதை நிழலில் பார்த்த கொன்சாகா, மூச்சுத் திணறுகிறது என்று முடிவு செய்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லடி. ஒரு டீ போட்டுக் குடு, வீட்டுக்குப் போறேன்" என்றார் பெர்பெதுவா.

"கடைசி நேரத்துல எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்றார் கொன்சாகா மெல்ல. மெல்லச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலன்னா இந்த இதயம் சாயங்காலம் வரைக்கும் தாங்காது."

இம்மாகுலேட் மாமாக்களுக்குப் போன் போட்டாள். ஒரு மாமா அழுதார். இன்னொரு மாமா, மாப்பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கேட்டார். மூன்றாமவர், யாரும் கேட்காமலே, சடலத்தைச் சுற்றும் மரப்பட்டைத் துணிக்கு ஆளனுப்பினார்.

ஆம்புலன்ஸில் டீசல் இல்லை. வாழைக்குலை ஏற்றிப் போய்க்கொண்டிருந்த ஒரு பிக்கப் வண்டியை மறித்தார்கள். முன்னால் டிரைவர், இம்மாகுலேட், ஜன்னலோரம் மாமியார். மருத்துவர் கூடவே போயாக வேண்டும், ஆனால் கூட உட்காரக் கூடாது. கொன்சாகா பின்னால் வாழைக்குலைகளின் மேல் ஏறி உட்கார்ந்தார். டிரைவரின் முதுகுக்குப் பின்னாலிருந்த சின்ன ஜன்னல் வழியாகக் குழாயை உள்ளே விட்டார். சலோங்கோ பைக்கில் பின்தொடர்ந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை.

"அம்மா, அந்த மூட்டைய இப்படிக் குடு" என்றாள் இம்மாகுலேட். காலையிலிருந்து பெர்பெதுவா ஒரு துணிமூட்டையை மடியிலேயே வைத்திருந்தார்.

"இருக்கட்டும். உங்க வீட்டுக்குத்தான் கொண்டுவந்தேன். அப்புறம் தர்றேன்."

"தகட்ட நான் பிடிச்சுக்கவா?"

"எனக்கே வெச்சுக்கத் தெரியும்." சால்வையை மடிவரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

செம்மண் சாலையில் வண்டி குலுங்கியது. கொன்சாகா இரண்டு காதிலும் குழாயை மாட்டிக்கொண்டு, வாழைக்காய்கள் விலாவில் குத்த, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தார். துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற வரைக்கும் நம்பிக்கை உண்டு. ஜன்னல் வழியே, "மூச்சு வாங்குதா பாரு" என்று கத்தினார். "மூக்கச் சிந்தறாங்க" என்று பதில் வந்தது.

வழியில் ஒரு கடைத்தெரு. சுட்ட வாழைப்பழம் விற்கிறவர்கள் வண்டியின் இரண்டு பக்கமும் ஓடிவந்து கையை நீட்டினார்கள். டிரைவர் வேகத்தைக் குறைத்து, பிறகு கூட்டினார்.

சத்தம் நின்றது.

கொன்சாகா குழாயைத் தட்டினார், ஊதினார், மறுபடி காதில் வைத்தார். எதுவும் இல்லை. முந்நூறாக ஓடிய இதயம் மொத்தமாக அடங்கிவிட்டது. மூளைக்கு ரத்தம் போகாமல் சில நிமிடங்கள்தான் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். வண்டியின் கூரையில் இரண்டு கையாலும் ஓங்கி அடித்தார்.

வண்டி நிற்பதற்குள் குதித்தார். கதவைப் பிடித்தபோது ஒரு கணம் கை தயங்கியது. பிறகு, டீ சிந்தினால் சிந்தட்டும் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

மாமியாரின் முகத்தை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார். இம்மாகுலேட்டின் புருவம், இம்மாகுலேட்டின் மோவாய். வாய் நிறைய சுட்ட வாழைப்பழம்.

அதற்குள் கொன்சாகாவின் விரல்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டன. நாடி அவசரமே இல்லாமல், அழுத்தமாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது.

பெர்பெதுவா போட்ட கூச்சலில் கடைத்தெருவே திரும்பியது. பக்கத்திலிருந்த குடையால் மாப்பிள்ளையின் தோளில் இரண்டு போட்டார். கொன்சாகா அடியை வாங்கிக்கொண்டே, "உயிரோட இருக்கீங்க அத்தை, உயிரோட இருக்கீங்க" என்று அழுதார். மாமியாருக்கு மூன்றாவது அடி போட மனம் வரவில்லை. முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டார்.

"தொட்டுட்டார்" என்றார் பின்னால் வந்து நின்ற சலோங்கோ, நேரம் குறிக்கிறவர் குரலில்.

பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா எல்லாச் சோதனையும் செய்தார். வால்வு, அறைகள், ரத்த அழுத்தம் எல்லாம் ஒழுங்காக இருந்தன.

"இந்த வயசுல இப்படி ஒரு இதயத்த நான் பாத்ததில்ல. நீங்க எத்தன எண்ணினீங்க?"

"முந்நூறு."

"முந்நூறு துடிப்புல, வாழைப்பழம் சாப்பிட்டுக்கிட்டு வந்தாங்களா?"

டாக்டரம்மா சிரிக்காமல் இருந்ததுதான் கொன்சாகாவுக்கு அதிகம் வலித்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த மாமாக்கள் மரப்பட்டைத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். மாமியார் தன் மகன் வீட்டில் தங்கிவிட்டார். மறுநாள் காலை டீயைத் தூக்கியபோது கொன்சாகாவின் கை நடுங்கியது. சட்டையில் சிந்தியது. பயத்தினால் வந்த நடுக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஊர் வேறு காரணம் சொன்னது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவரைத் தின்றது வேறு. பதினான்கு வருடமாக நெஞ்சுகளைக் கேட்டுவந்த காது இது. அது பொய் சொல்லுமென்றால், இனி எந்த நோயாளியைத் தைரியமாகத் தொடுவது?

அன்று காலை நான்கு நோயாளிகளைப் பார்க்காமலே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஒருவருக்குக் காலில் முள்.

"வேலைய விட்டுடலாம்னு பாக்கறேன். எனக்குக் காது போச்சு" என்றார் இம்மாகுலேட்டிடம். அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வெளியே மோட்டார் பைக் வந்து நின்றது. சலோங்கோ இறங்கினார். கையில் அந்தத் துணிமூட்டை.

"அம்மா குடுத்து விட்டாங்க. மாப்பிள்ளைக்குன்னு கொண்டுவந்தது, நேத்து முழுக்க மடியிலயே இருந்ததாம். கலாட்டாவுல குடுக்க மறந்துட்டாங்க."

முடிச்சை அவிழ்த்தார். கால் கட்டிய ஒரு கொழுத்த கோழி தலையை நீட்டி, கரகரவென்று ஒரு சத்தம் போட்டது.

சலோங்கோ தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னொண்ணும் சொல்லச் சொன்னாங்க. 'சீக்கிரம் அறுத்துக் குழம்பு வெச்சிடுங்க. இதோட இதயம் சாயங்காலம் வரைக்கும் தாங்காதுன்னு, குழாய வெச்சுக் கேட்டு, மாப்பிள்ளையே சொன்னாரு.'"